தட்டு மாத்தப் போன நைனா

எங்கண்ணன் கோபாலகிருஷ்ணனுக்குப் பெத்த அப்பன் யாருன்னு ஒரு நாவல் வந்து சொல்ல வேண்டியிருந்துது. எங்க நைனா சுப்பிரமணி அச்சரப்பாக்கத்துப் பக்கம் ஏர் ஓட்டித்தான் அவனைப் படிக்க வெச்சார். அவன் கல்பாக்கத்துல ஆபீசரா சேர்ந்து குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனான். தொண்ணூத்தி நாலுல நைனா ஒரு மூட்டை வேர்க்கடலையைத் தூக்கிகினு அங்க போனார். கூட வேலை செய்றவங்க ஹால்ல உட்கார்ந்து காபி குடிச்சுகினு இருந்தாங்க. "ஊர்ல நம்ம நெலத்தப் பாத்துக்கிற ஆளு"ன்னுட்டான் அண்ணன். வூட்டுக்கு வந்து நைனா அதைச் சிரிச்சுகினே சொன்னார். நான் அண்ணன்கிட்டப் போய் சண்டை போட்டேன். அதுலேர்ந்து அவர் எப்பப் போனாலும் பின்வாசலோட திரும்பிடுவார்.

ரெண்டாயிரத்து மூணுல ஒரு ஞாயித்துக்கிழமை, லைப்ரரி நாவல் ஒண்ணைக் கையில புடிச்சுகினு அண்ணன் வந்தான். எவனோ ஒருத்தன் தன் கதையை ஒளிக்காம எழுதியிருக்கான். வூட்டுக்கு ஆளுங்க வந்தப்ப அப்பனைத் தோட்டத்துல நிக்க வெச்சானாம். அந்த எடத்தைப் படிச்சுக் காட்டறப்பவே அண்ணன் அழ ஆரம்பிச்சுட்டான்.

"என்னைத்தான் எழுதியிருக்கான், நைனா"ன்னு கால்ல விழுந்தான்.

அழற ஆம்பளையை இன்னா செய்றதுன்னு தெரியாம நைனா என்னை டீ போடச் சொன்னார். வருஷக்கணக்கா நான் இதைத்தான் கத்திகினு இருந்தேன். தங்கச்சி சொன்னா ஏறாது, அச்சடிச்சு வந்தாத்தான் ஏறும் போல.

தன் மக ஸ்வாதி நிச்சயத்துக்கு நைனாதான் தட்டு மாத்தணும்னு அண்ணன் சொல்லிட்டுப் போனான். எங்கள்ல வூட்டுக்குப் பெரியவர்தான் சபையில நின்னு தட்டு மாத்துவார். நைனா டீக்கடையில ஒருத்தர் விடாம இதைச் சொல்லிட்டார். புதுச் சட்டையும் தெச்சுகினார்.

செங்கல்பட்டு மண்டபத்துக்கு சீக்கிரமே போயிட்டோம். நைனாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சமையல்காரங்க சாம்பார் அண்டாவைத் தூக்க முடியாம திணறவும், இவர் போய் ஒரு கை புடிச்சார். அந்த நேரம் பார்த்து அண்ணன் மாப்பிள்ளையோட அப்பாவைக் கூட்டிகினு சமையல்கட்டுக்கு வந்தான்.

"சமையல் உங்க காண்ட்ராக்டா, பெரியவரே?"ன்னு சம்பந்தி மரியாதையாத்தான் கேட்டார்.

நைனா அண்ணன் மூஞ்சியைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிஞ்சுகினான். நைனா, "ஆமாங்க"ன்னார். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள கண்ணாலயே என்னை அடக்கிட்டார்.

தட்டை அண்ணியோட அண்ணன் மாத்தினான். சொன்ன பொய்யைக் காப்பாத்த வேணாமா, நைனா புதுச் சட்டை மேல துண்டைக் கட்டிகினு பந்தியில சாம்பார் ஊத்தினார். அண்ணன் எலைக்கும் ஊத்தினார். அந்தப் பாவி அதையும் பெசைஞ்சு தின்னான்.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல நைனா என்கிட்ட, "அண்ணனுக்கு ஒண்ணும் சங்கடம் வரலியே?"ன்னு கேட்டார்.

இதையும் எவனாவது நாவலா எழுதட்டும். எங்கண்ணன் படிச்சுட்டு நல்லா அழுவான்.