டிக்காஷன் தொட்டியில் மீன்

காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நான் புடவை காட்டுகிறேன். பட்டுக்கடையில் விற்பனைப் பெண். பிரித்துக் காட்டு, தோளில் போட்டுக் காட்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காட்டு, இதே கலரில் கொஞ்சம் டல்லாகக் காட்டு. ஒரு குடும்பம் வந்துபோனால் இடுப்பளவு புடவை குவிந்திருக்கும். "வரோம்மா" என்று ஒன்றும் வாங்காமல் கிளம்புவார்கள். சிரித்த முகத்தோடு அத்தனையையும் மடிக்க வேண்டும். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. அந்தச் சிரிப்பைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

யாருக்கும் எதையும் காட்டாமல், நான் பாட்டுக்கு உட்கார்ந்து பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் மீன்தொட்டி வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். அதில்தான் இந்த பிளாக்வாட்டர் தொட்டி கண்ணில் பட்டது. எங்கேயோ காட்டு ஓடைகளில் காய்ந்த இலை விழுந்து ஊறி ஊறித் தண்ணீர் பழுப்பாகிவிடுமாம். அந்தத் தண்ணீரில் நகத்தளவுகூட இல்லாத மீன்கள் வாழுமாம். அதே மாதிரி வீட்டிலும் வைக்கலாமாம். நீலக் கல், பிளாஸ்டிக் தாமரை, குமிழி விடும் பொம்மை எதுவும் கிடையாது. இலை, கட்டை, செடி, அவ்வளவுதான். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

எங்கள் கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருக்கிறது. குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து என் வீட்டுக்காரர் நாள் முழுக்க நெய்வார். தறிக்குப் பக்கத்து மூலையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அந்த மூலையில் ஏர்கூலர் வைக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அவர் கடைக்குப் போய் விலை விசாரிப்பதற்குள் நான் தொட்டியை இறக்கிவிட்டேன். தாழ்வான ஒரு பலகை பெஞ்சு போட்டு அதன்மேல் வைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அதுவும் நான் பார்க்கிற மாதிரி.

அடியில் மணல் பரப்பினேன். ஒரு வளைந்த கட்டையை நிறுத்தி, அதில் ஜாவா ஃபெர்ன் செடியை நூலால் சுற்றினேன். எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, இந்த மீன் எங்கே பிழைக்கும்? மழைத் தண்ணீரை மொட்டை மாடியில் டிரம் வைத்துப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் ஒரு நாட்டு பாதாம் மரம் இருக்கிறது. அதன் கீழே குனிந்து குனிந்து காய்ந்த இலை பொறுக்கினேன். பட்டுப்புடவை யூனிஃபார்மில் ஒரு பெண் குப்பை பொறுக்குவதைத் தெருவே நின்று பார்த்தது. பார்க்கட்டுமே!

இலையைக் கொதிக்கவைத்தால் நல்ல பழுப்புச் சாறு இறங்கும். ஒரு நாள் அதை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வீட்டுக்காரர் சொன்னார்: "காப்பித்தூள் கடைய மாத்துமா. இன்னைக்கு ஒரே துவர்ப்பா இருக்குது."

கொளத்தூர் வண்ணமீன் சந்தை வரை போய் மீன் வாங்கிவந்தேன். மிளகாய் ரஸ்போரா என்று பெயர். ஊசிமிளகாயைக் கிள்ளிப்போட்ட மாதிரி ஒரு கூட்டம், கவருக்குள் அரக்குச் சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது. ஆசை ஆசையாகத் தொட்டியில் விட்டேன். விட்டதுதான் தெரியும். அந்தச் சிவப்பு அப்படியே டிக்காஷனுக்குள் போய் மறைந்தது. அதோடு சரி, மறுபடி கண்ணில் படவே இல்லை.

வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் ஓடுவேன். லைட்டைப் போடுவேன். தொட்டி முன்னால் சட்டமாக உட்காருவேன். இலை தெரியும், கட்டை தெரியும், கண்ணாடியில் என் முகம் தெரியும். மீன் தெரியாது. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். காலையில் தூவிய தீனி மட்டும் காணாமல் போயிருக்கும்.

"தின்னிருக்குது பாருங்க!" என்பேன்.

"கரைஞ்சிருக்கும்மா" என்பார், நெய்வதை நிறுத்தாமல்.

நாளுக்கு நாள் அவர் கிண்டல் தாங்க முடியவில்லை. விருந்தாளி வந்தால், "வாங்க, எங்க வீட்ல தண்ணி வளர்க்கிறோம்" என்று தொட்டியைக் காட்டுவார். நாள் முழுக்க ஆயிரம் புடவை காட்டுகிறவளால் சொந்த வீட்டில் ஒரு மீனைக் காட்ட முடியவில்லை. என் மானமே போனது. கடைசியில் ஒரு நாள் அவர் பந்தயம் கட்டினார்: "கருட சேவைக்கு அக்கா வருதில்ல? அது கண்ணுக்கு ஒரே ஒரு மீனு தெரியட்டும், இந்த ஜென்மத்துக்கும் கூலர் பேச்சே எடுக்க மாட்டேன். தெரியலன்னா தொட்டிய எடுத்துடணும்." கோபத்தில் நானும் சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தத் தொட்டி ஒன்றுதான் அந்த வீட்டில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டது.

என் நாத்தனாருக்கு வாக்கப்பட்ட ஊர் தாமல். அந்த ஊர் ஏரி கடல் மாதிரி இருக்கும், அதில் பாதி தன் பெயரில் இருக்கிற தோரணையில்தான் பேசுவார். வைகாசி வெயிலில் வந்து இறங்கினார். மறுநாள் விடிகாலையில் கூட்டத்தில் இடிபட்டு மூன்று பேரும் கருட சேவை பார்த்தோம். வீட்டுக்கு வந்ததும், முகூர்த்தப் புடவை ஒன்று அவசரம் என்று வீட்டுக்காரர் தறியில் இறங்கினார். நாத்தனார் இட்லித் தட்டோடு தொட்டிக்கு முன்னால் நின்றார். மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். வளையல் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். நான் வேண்டாத சாமி இல்லை.

"ஏம்மா, அத்தி வரதரே நாப்பது வருஷத்துக்கு ஒரு தபா தண்ணிய விட்டு வெளிய வந்துடுறாரு. உன் மீனு எப்ப வரும்?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணி, வரும்."

"எங்க ஏரியில கூடைய விட்டா கூடை நெறைய வரும். இதுல ஒண்ணும் இல்ல. எல அழுகிப்போன தண்ணிய வீட்ல வெச்சிக்கினு... என் தம்பி வெயில்ல வெந்துக்கினு இருக்குறான். எடுத்துடு."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குனிந்த தலை நிமிராமல், அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை, 'இருக்கட்டும் விடு' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! பக்கெட்டை எடுத்துவந்து டங்கென்று வைத்தேன். செடியைப் பிடுங்கித் தரையில் போட்டேன். மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். ஊறிய இலையை ஒரு கொத்தாக அள்ளினேன்.

"ஏய்! ஏய்! எலையத் தொடாத! அதுக்கடியில குஞ்சு இருக்குது!"

வீட்டுக்காரர் குழியிலிருந்து எழுந்து, முட்டியில் இடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். என் கையிலிருந்து இலையை வாங்கினார். பச்சைக் குழந்தையை வைப்பது மாதிரி தொட்டிக்குள் வைத்தார்.

"என்ன குஞ்சு?" என்றேன்.

அவர் டார்ச் அடித்துப் பக்கெட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தார். இழைக்குள் இழை பார்க்கிற கண் அது. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணுக்கே தெரியாத எதையோ ஒவ்வொன்றாக மொண்டு தொட்டியில் விட்டார். மூச்சு வாங்கியது. "போன வாரம்தான் பொரிச்சுது. பெருசுங்க தின்னுடாம இருக்க அந்த எலைக்கு அடியிலயே கெடக்குதுங்க. அதுலயும் ஒரு ஒல்லி இருக்குது பாரு, எல்லாத்தையும் வெரட்டிக்கினே இருக்கும், நம்ம அக்கா மாதிரி..."

"டேய்!" என்றார் நாத்தனார்.

அப்போதுதான் வீட்டுக்காரருக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

"எத்தினி நாளா பார்க்கிறீங்க?" என்றேன்.

"தெனமும்தான். குழிக்குள்ள உட்கார்ந்தா தொட்டி கண்ணுக்கு நேரா இருக்குது. நான் பாட்டுக்கு நெய்வேன், அதுங்க பாட்டுக்குச் சுத்தும். தறிச் சத்தம் பழகிப்போச்சு. நீ வந்தா லைட்டப் போடுற, தொம்முனு உட்கார்ற, தட்டுற. எப்படி வரும்?"

"ஏன் சொல்லல?"

"மொதல்ல கூலருக்காகத்தான். அப்புறம் சொன்னா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடுமில்ல?" சங்கைத் துடைத்துக்கொண்டே நின்றார். "கூலர் வேணாம்மா. அந்தச் சத்தத்துக்கு வராதுங்க."

"தள்ளுங்க" என்றேன்.

செடியைத் திரும்பக் கட்டையில் கட்டி, மொண்ட தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொன்னேன். எல்லாம் அடங்கிய பிறகு லைட்டை அணைத்துவிட்டு நானே தறிக்குழியில் இறங்கினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. "இழை ஓட்டுற நாடாவத் தொடாதமா, முகூர்த்தப் புடவை! மிதிய மட்டும் மிதி" என்று பதறினார். நாத்தனாரை அசையக்கூடாது என்று சுவரோரம் உட்காரவைத்தார். நான் மிதித்தேன். தறி முனகியது. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை.

பிறகு கட்டைக்குப் பின்னாலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் மொத்தமும் வந்தன. பழுப்புத் தண்ணீரில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில், அரக்குச் சிவப்பாக, சத்தமே இல்லாமல் சுற்றின. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. இலை பொறுக்கியவள் நான், தண்ணீர் சுமந்தவள் நான், ஊர் சிரித்தது என்னைப் பார்த்து. இந்த மனுஷன் இவ்வளவு அழகையும் மாசக்கணக்கில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்!

"பார்த்துட்டியாமா? எழுந்துக்கோ, வேலை கெடக்குது" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. காது கேட்காத மாதிரி மிதித்துக்கொண்டே இருந்தேன்.