களையென்று பிடுங்கிய கீரை

திண்டுக்கல் சந்தையில் பண்ணைக்கீரையைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள்; அந்தப் பச்சை வாசனையில் இன்று குழம்பிப்போய் நின்றேன். கன்னிவாடிச் சோளக்காட்டில் பகலெல்லாம் கூலிக்கு அதைக் களையென்று பிடுங்கும் அம்மா, சாயங்காலம் அதையே மடியில் கட்டிவந்து பருப்போடு கடைவாள். அது களையா வெஞ்சனமா என்று எனக்கு விளங்கியதேயில்லை. மழை பொய்த்துச் சோளம் கருகிய வருஷம், அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரம்மாவே எங்கள் கொல்லைப்பக்கம் வந்து, "ஏத்தா, அந்தக் கீரை கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டு வாங்கிப்போனார். மறுவருஷம் நல்ல மழை. வரப்பில் நின்றபடி, "ஒண்ணு விடாமப் பிடுங்குங்கத்தா" என்றார் காட்டுக்காரம்மா. அவர் காலடியில் விதை கட்டி நின்ற ஒரு செடியை மட்டும் அம்மா தாண்டிப்போனாள். "யம்மா, ஒண்ண விட்டுட்ட!" என்று நான் கத்தினேன். இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.