புளி போட்டுத் தேய்த்த குழாய்

போடியில் மாமாவின் ஏலக்காய் ஸ்டோரில்தான் அந்த யோசனை வந்தது. விறகடுப்பின் சூட்டைக் காய் உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்கள் இரண்டு. ஒரே நாளில் மாட்டியவை. ஒன்று ஓட்டை விழுந்துவிட்டது. மற்றதற்கு ஒன்றும் ஆகவில்லை. உலோகத்தின் மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்ஸைடு அடுக்குதான் அதற்குக் கவசம். அந்த அடுக்கை ஆட்டம் ப்ரோபில் வைத்துப் பார்த்தால்? ஊசியைவிடப் பல மடங்கு கூராகச் செதுக்கிய உலோகத் துண்டின் முனையிலிருந்து, லேசர் தட்டி, அணுக்களை ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டு இனம் காணும் கருவி அது.

நல்ல குழாயில் ஒரு துண்டு வெட்டி அனுப்பச் சொல்லி மாமாவிடம் கேட்டுக்கொண்டேன். சென்னை பஸ்ஸில் வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்து சீட் ஜெனிபரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போடி பஜார்க்காரி, சென்னையில் நான் ஆராய்ச்சி செய்யும் லேபில் எனக்கு ஒரு வருஷம் ஜூனியர். அடுத்த வாரமே தன் அத்தை ஸ்டோரிலிருந்து ஒரு துண்டோடு வந்து நின்றாள். கரியும் பிசுக்குமாக, நியூஸ்பேப்பரில் சுற்றி. மாமா அனுப்பிய என் துண்டோ வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது. எனக்கு ஏகப் பெருமை.

"ஆட்டம் ப்ரோப்ல நமக்குக் கிடைச்ச ஸ்லாட் ஒண்ணுதான். எதுல ஆக்ஸைடு நல்லா நிக்குதோ, அது உள்ள போகும்" என்றார் கைடு.

என் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வெறும் ஸ்டீல். மேலெல்லாம் கீறல். மாமாவுக்கு போன் போட்டேன்.

"குழாய என்ன செஞ்சீக மாமா?"

"பெரிய பெரிய ஆளுக பாப்பாக, நம்ம வீட்டுச் சாமானக் கரியோடவா குடுக்கறது மாப்ள? புளியில ஊறப்போட்டு, உப்புத்தாள் வச்சு நானே தேச்சேன். பளபளன்னு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு மாமா."

மின்னியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஸ்லாட் ஜெனிபருக்குப் போனது. திரையில் குரோமியம் புள்ளி புள்ளியாக விழுந்தது. முனை உடைந்து தொலையட்டும் என்று மனதார வேண்டினேன். உடையவில்லை.

"ஏலே, மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? ஆராய்ச்சிப் பேப்பர்ல உன் பேரும் போடுவேன்" என்றாள் ஜெனிபர்.

"ரெண்டாவதாவா?"

"பின்ன? பாத்திரம் வெளக்குனவுகளுக்கு மொத எடமா?"

ஆனால் அவள் அத்தை ஸ்டோரில் கெட்ட குழாயே கிடையாது. நல்லதை மட்டும் பார்த்தால் இன்னொன்று ஏன் ஓட்டையானது என்பது தெரியாது. என் மாமா ஸ்டோரில் இரண்டும் இருக்கின்றன. கையே வைக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை நானே போய், கரியோடு இரண்டிலும் துண்டு வெட்டி, அடுக்கு உதிராதபடி மேலே பிளாட்டினம் பூசிச் செதுக்கப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவள் ஸ்லாட்டில் இன்னும் ஒரு நாள் மிச்சம். அதை அவளிடம் போய்க் கேட்க வேண்டும்.