கோப்பியில் முக்கியெடுத்த இரவிக்கை

பழைய காலத்து உடுப்பு என்றால் அழுக்காகத்தான் இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் கிடைக்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய நாளில் நான் கேட்கவும் இல்லை. அப்போது எனக்குப் பத்து வயது.

வெள்ளைக்காரர் காலத்து மக்களைப்போல உடுத்திக்கொண்டு ஜார்ஜ்டவுன் வீதிகளில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போவதாக ஏற்பாடு. எனக்குச் சாலை போட மண் சுமந்த தமிழ்ப் பெண்ணின் வேடம். மாதிரிக்கு ஒரு பழைய புகைப்படத்தின் நகலைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

அம்மா மாக் மண்டினில் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைக்குக் கை பொருத்துகிறவர். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தலைக் கூடையைப் பிடிக்க அந்தப் பெண் கையை உயர்த்தியிருந்தாள். அக்குளில் தனியாக ஒட்டுக் கொடுத்த ஒரு சின்னத் துண்டு தெரிந்தது.

“இங்க பாரு, கைய தூக்குனா கிழியக் கூடாதுன்னு ஒட்டு வச்சு தச்சிருக்கா. கெட்டிக்காரி!”

அதே ஒட்டு, கை ஓரத்தில் அதே லேஸ். முழங்கைவரை கை வைத்து வெள்ளை இரவிக்கை ஒன்றைத் தைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்தார். ஊர்வலத்தன்று வேலைக்கு லீவு போட்டு என்னோடு ஃபெரி ஏறினார்.

உடுப்புகளைச் சரிபார்த்த மேடம் நம்மவர்தான், வெளிநாட்டில் படித்தவர். இரவிக்கையைத் தொட்டதுமே முகம் சுளித்தார்.

“அக்கா, கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்குலா. ஒரிஜினலா இருக்க வேணாமா? பக்கெட்ல கோப்பி கரைச்சு வச்சிருக்கோம், முக்கி எடுங்க. கையில கொஞ்சம் கிழிச்சு விட்டா இன்னும் நல்லது.”

“படத்துல கிழிசல் இல்லையே மேடம்?”

“படம் எவ்வளவு பழுப்பா இருக்கு, பாக்கலையா?”

“படந்தானே பழசு மேடம். எடுத்த அன்னிக்கு ரவிக்கை புதுசாத்தானே இருந்திருக்கும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். “நாங்க ரிசர்ச் பண்ணி செய்றோம் அக்கா. நீங்க இத எந்த புக்ல படிச்சீங்க?”

அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அந்தக் கூடத்தில் அந்தப் படத்தை ஒழுங்காகப் படித்திருந்தவரும் அவர் ஒருவர்தான். வெள்ளைக்காரத் துரையாக வந்த பையனின் கோட்டில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. சீன நோன்யாப் பெண்ணாக வேடமிட்ட சிறுமியின் கெபாயாச் சட்டையில் பூவேலை பளபளத்தது. அவர்களும் அதே காலத்து மனிதர்கள்தானே? அவர்களுடைய உடுப்புக்கு வயதாகவில்லை. கோப்பி எங்களுக்கு மட்டும்.

இன்று இதை எழுதும்போது மேடம்மேல் கோபம் வருகிறது. அன்றும் எனக்குக் கோபம் வந்தது, அம்மாமேல். முக்காவிட்டால் ஊர்வலத்தில் இடமில்லை என்று மேடம் சொல்லியும் அம்மா அசையாமல் நின்றார். இப்படி எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குகிறாரே என்று அவர் கையிலிருந்த இரவிக்கையைப் பிடுங்கி, நானே பக்கெட்டில் அமுக்கினேன். அதன் கையைப் பிடித்து இழுத்ததும் நான்தான். ஒட்டு அசையவில்லை. லேஸ்தான் பிய்ந்துகொண்டு வந்தது.

ஈரம் காயாத இரவிக்கையோடு வீதி முழுக்கக் கையசைத்துக்கொண்டு நடந்தேன்.

திரும்பும்போது ஃபெரியில் நான் ஓயாமல் பேசினேன்.

“மேடம் என்ன சொன்னாங்க தெரியுமாம்மா? அச்சு அசல் கூலிக்காரி மாதிரியே இருக்கேனாம்!”

அம்மா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் கரையான பட்டர்வொர்த் வரும்வரை என்னைப் பார்க்கவே இல்லை. கப்பல்களை வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்து, நானும் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல ஆரம்பித்தேன்.