ஒற்றைக் கையுறை

நெட்ரா ஹாட்ச் தன் புருஷன் சாவுக்கு அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் யார் அவளைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

லமார் ஹாட்ச் உருளைக்கிழங்கு அறுவடையின் கடைசி வாரத்தில் செத்துப்போனான். கிடங்குக்குள் லாரியைப் பின்பக்கமாக விட்டவன் இறங்கவே இல்லை. மாரடைப்பு. அடக்கம் முடிந்த மறுநாள் சபை ஆண்கள் எல்லோரும் போய், அவன் நிலத்தில் மிச்சமிருந்த கிழங்கைத் தோண்டிக் கிடங்கில் சேர்த்தார்கள். பெண்கள் நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். கிழங்கைச் சீவி, சீஸ் போட்டு, மேலே கார்ன்ஃபிளேக்ஸ் தூவிச் சுட்ட தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனோம். கிழங்கோடு மல்லுக்கட்டிச் செத்தவன் வீட்டுக்குக் கிழங்கு! உருளைக்கிழங்கே விளையும் ஐடஹோவில் பிறந்தவளுக்கு வேறு என்ன தெரியும்?

அந்தத் தட்டுகளில் ஒன்றை நெட்ரா அடுப்பிலிருந்து வெறுங்கையால் எடுத்தாள். எடுத்து, நிதானமாக நடந்துபோய், மேஜையில் வைத்தாள்.

"ஏய் நெட்ரா, கையப் பாருடி!" என்று கத்தினேன்.

பார்த்தாள். யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

"சுட்டிருக்கு," என்றாள். அவ்வளவுதான்.

என் பெயர் ஆர்வெல்லா. சபையில் சிறுவர் வகுப்புக்கு நான் பியானோ வாசிக்கிறேன், நெட்ரா பாட்டு டீச்சர். இரண்டு பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், பக்கத்துப் பக்கத்து நிலத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். அவளுக்குக் குரல் கிடையாது. நாலு வரி பாடினால் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆனால் அவள் பையைத் திறந்தால் பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். பிளாஸ்டிக் முட்டைக்குள் அரிசியைப் போட்டு ஒட்டிக் கிலுகிலுப்பை செய்திருப்பாள். பீட்சா அட்டையில் ஒரு சக்கரம் செய்திருந்தாள். சுற்றிவிட்டால் முள் ஒரு படத்தில் வந்து நிற்கும். எலி வந்தால் எலிக் குரலில் பாட வேண்டும், மாடு வந்தால் மாட்டுக் குரலில். அறையின் குறுக்கே கயிறு கட்டி, பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம் வரைந்து துணிக் கிளிப்பால் மாட்டுவாள். ஒவ்வொரு தடவை பாடி முடித்ததும் ஒரு படத்தைக் கழற்றிவிடுவாள். கடைசியில் கயிறு காலியாகும்போது பாட்டு முழுக்கப் பிள்ளைகளின் மனசுக்குள் போயிருக்கும். வாசிக்கத் தெரியாத நாலு வயசுப் பொடிசுகூட வரி தப்பாமல் பாடும்.

கிலுகிலுப்பைக்கு அரிசி அளந்து போட்டதும், தாளக் கட்டைகளை அறுத்து உப்புத்தாளில் தேய்த்ததும் லமார்தான். "டிராக்டருக்கு நட்டு முடுக்குற நேரத்துல என்னைக் குச்சி தேய்க்க விட்டுட்டா பாரு," என்று புலம்பிக்கொண்டேதான் தேய்ப்பான். ஆனால் ஒரு சிலாம்பு இருக்காது.

அவன் போன பிறகும் நெட்ரா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. மற்ற நாட்களில் நான் அவள் வீட்டுக்குப் போனால், பகல் பொழுதிலும் படுக்கையில்தான் இருப்பாள். தொட்டியில் பாத்திரம் குவிந்திருக்கும். மகன்கள் இரண்டு பேரும் வெளியூரில், போன் அடித்தால் எடுக்கமாட்டாள். வீட்டிலேயே துடைத்துச் சுத்தமாக இருந்தது ஒரே ஒரு மேஜை. அதில்தான் கத்தரிக்கோலும் அட்டையும் பசையும் இருந்தன. அந்த வகுப்பு ஒன்றுதான் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. அதுவும் போய்விட்டால் ஒரேயடியாகப் படுத்துவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

பனிக்காலத்தில் லமாரின் கோட்டைப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தாள். அவளுக்கு அது தொளதொளவென்று முழங்கால்வரை தொங்கும். ஒரு ஞாயிறு, ஒளித்துவைக்கும் விளையாட்டு. ஒரு பிள்ளை வெளியே போய் நிற்கும். மற்றவர்கள் ஒரு பொருளை ஒளித்துவைப்பார்கள். போன பிள்ளை திரும்பி வந்து தேடும்போது, தூரத்தில் இருந்தால் மெதுவாகப் பாடுவார்கள், கிட்டே வர வர உரக்கப் பாடுவார்கள். பொருள் கையில் கிடைக்கும்வரை பாட்டை நிறுத்தக் கூடாது, இதுதான் சட்டம். பாட்டை அடித்து மனப்பாடம் செய்யவைக்க இதைவிட நல்ல தந்திரம் கிடையாது. ஒளித்துவைக்க அவளிடம் காலுறையில் செய்த ஓர் ஆட்டுக்குட்டி உண்டு. அன்றைக்கு அதைக் கொண்டுவர மறந்திருக்கிறாள். கோட்டுப் பைக்குள் கையை விட்டு, கிடைத்ததை எடுத்து நீட்டினாள்.

லமாரின் தோல் கையுறை. வலது கை மட்டும். மண்ணும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப்போனது. விரல்கள் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதுபோல வளைந்தே இருந்தன.

என் விரல்கள் பியானோவில் அப்படியே நின்றுவிட்டன. ஏழு வயசு ட்ரீனாவுக்கு வாய் சும்மா இருக்காது. "இது யாரோடது சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"கோட்டுல இருந்துச்சு," என்றாள் நெட்ரா.

அதற்குப் பிறகு ஆட்டுக்குட்டி வரவே இல்லை. வாராவாரம் கையுறைதான். பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் அது தொண்டையில் முள்ளாக நின்றது. செத்தவன் கையுறையை வைத்துப் பிள்ளைகளை விளையாடவிடுவதா என்று தாய்மார்கள் குசுகுசுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேச்சு பிஷப் ஸ்டாக்கர் காதுக்குப் போனது.

எங்கள் பிஷப் சம்பளம் வாங்கும் பாதிரியார் இல்லை. வாரம் முழுக்க டிராக்டர் பழுதுபார்ப்பவர், ஞாயிறு மட்டும் டை கட்டிச் சபையை நடத்துவார். நல்ல மனுஷன். அதுதான் தொல்லை. என்னைக் கூப்பிட்டு, "ஆர்வெல்லா சிஸ்டர், பாவம், நெட்ராவுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு இருக்கேன். பாட்டுப் பொறுப்ப அந்தச் சின்னப் பொண்ணு ஜனீல்கிட்ட குடுத்துருவோம்," என்றார்.

"ஓய்வா? வாரம் பூரா அவ ஓய்வுலதான் கெடக்குறா. ஞாயித்துக்கிழம ஒரு பொழுதுதான் எந்திரிச்சு நிக்கிறா. அதையும் புடுங்கப் போறீங்களா?"

"ஜெபம் பண்ணித்தான் முடிவு எடுத்தேன் சிஸ்டர்."

"மேல கேட்டீங்க, சரி. அவகிட்ட கேட்டீங்களா?"

மனுஷன் டையைத் தடவிக்கொண்டார். மெரில் போய்ப் பேசுவார் என்றார். மெரில் அவருடைய உதவியாளர்.

எங்கள் சபையில் யாரும் பொறுப்பைக் கேட்டு வாங்குவதில்லை, விட்டுவிடுகிறேன் என்று சொல்வதும் இல்லை. கூப்பிட்டால் ஏற்றுக்கொள்வோம், விடுவித்தால் இறங்கிவிடுவோம். விடுவிக்கும்போது மேடையில் பெயரை வாசித்து, இவருடைய சேவைக்கு நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் கையை உயர்த்தலாம் என்பார்கள். எல்லோரும் வலது கையைத் தூக்குவோம். ஆனால் அதற்கு முன்னாலேயே அந்த ஆளிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் மெரில் வீட்டில் பசு கன்று போட்டது, அதுவும் கால் மடங்கி மாட்டிக்கொண்ட கன்று. மனுஷன் தொழுவத்தை விட்டு வெளியே வரவில்லை. மெரில் சொல்லியிருப்பார் என்று பிஷப் நினைத்தார். பிஷப்பே சொல்லியிருப்பார் என்று மெரில் நினைத்தார்.

ஞாயிறு மேடையில் பெயரை வாசித்தார்கள். "சகோதரி நெட்ரா ஹாட்ச், சிறுவர் வகுப்புப் பாட்டுப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். நன்றி சொல்ல விரும்புகிறவர்கள்..."

சபை முழுக்கக் கை தூக்கியது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்ராவும் வலது கையைத் தூக்கினாள்.

தெரிந்து தூக்கவில்லை. எல்லோர் கையும் எழுந்தது, அவள் கையும் எழுந்தது, எல்லோரும் இறக்கியபோது இறங்கியது. காதில் எதுவும் ஏறவில்லை. முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி மேடையை நோக்கி எறிந்திருப்பேன்.

ஆராதனை முடிந்ததும் நெட்ரா வழக்கம்போலப் பையைத் தூக்கிக்கொண்டு சிறுவர் வகுப்புக்கு நடந்தாள். உள்ளே ஜனீல் ஏற்கெனவே வந்து சுவரோரம் நின்றிருந்தாள். கையில் ஒரு படம்கூட இல்லை, முகத்தில் ரத்தமும் இல்லை.

"நீங்களே சொல்லிருங்களேன்," என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்? சொல்ல வேண்டியவங்க வாரம் பூரா மாட்டுத் தொழுவத்துலயே இருந்துட்டாங்க. நீ உக்காரு," என்றேன்.

நெட்ரா கயிற்றைக் கட்டினாள். படங்களை மாட்டினாள். அது விடியலுக்கு நன்றி சொல்லும் புதுப் பாட்டு, மூன்று வாரமாகச் சொல்லிக்கொடுப்பது. எலிக் குரலில் ஒரு தடவை, மாட்டுக் குரலில் ஒரு தடவை. பிறகு கையுறையை எடுத்தாள். "யார் வெளிய போறீங்க?"

"சிஸ்டர், நீங்க போங்க! நீங்க ஒரு நாளும் போனதே இல்ல!" என்றாள் ட்ரீனா. மற்றதுகளும் பிடித்துக்கொண்டன. நீங்க, நீங்க என்று ஒரே கூச்சல்.

நெட்ரா கையுறையை அவளிடம் கொடுத்துவிட்டு மறுபேச்சில்லாமல் வெளியே போனாள்.

பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துக் கூட்டம் போட்டார்கள். என்ன முடிவாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. ட்ரீனா கையுறையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கயிற்றிலிருந்து ஒரு கிளிப்பைப் பிடுங்கி, டீச்சரைக் கூப்பிடப் போனாள். கதவுக்கு வெளியே ஓடிப்போய், குனிந்த நெட்ராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டதை மட்டும் பார்த்தேன். கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

எடுத்த எடுப்பிலேயே பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடினார்கள். நெட்ரா கதவுக்குப் பக்கத்தில் தேடினாள். சத்தம் குறையவில்லை. ஜன்னலுக்குப் போனாள், அதே சத்தம். பியானோவுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், என் காது போய்விடும்போல இருந்தது. எங்கே போனாலும் கிட்டே, கிட்டே என்றே கத்திப் பாடுகிறார்கள். பொடிசுகள் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் துள்ளுகின்றன.

அவள் என் பக்கம் முதுகைத் திருப்பியபோதுதான் நான் பார்த்தேன்.

கோட்டின் முதுகில், இடது தோளுக்குக் கீழே, கிளிப்பால் மாட்டியிருந்தது. தோளைத் தட்டிக்கொடுக்கிற கைபோல விரல்கள் வளைந்து படிந்திருந்தன. கிளிப் மாட்டியதும் தெரியவில்லை, இவ்வளவு நேரம் சுமந்துகொண்டு சுற்றுவதும் தெரியவில்லை அவளுக்கு.

எனக்குக் கண் மறைத்தது. ஆனாலும் வாசிப்பை நிறுத்தவில்லை. சட்டம் சட்டம்தானே.

இரண்டு தடவை பாட்டு முடிந்து மூன்றாவது தடவை தொடங்கியது. இரைச்சல் கேட்டுப் பிஷப் ஸ்டாக்கரே கதவைத் திறந்துகொண்டு வந்தார். பின்னால் மெரில், வெளிறிப்போய். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டு விஷயம் தெரிந்துகொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். நெட்ராவின் முதுகைப் பார்த்ததும் பிஷப் கதவைப் பிடித்த கையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

நெட்ரா அறையின் நடுவில் நின்றாள். கை மெல்லத் தோளுக்குப் பின்னால் போனது. விரல்கள் விரல்களைத் தொட்டன.

எடுத்துக் காட்டினால் பாட்டு நின்றுவிடும். அவள் எடுக்கவில்லை. அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தபடி அப்படியே நின்றாள். பிள்ளைகள் பாடிக்கொண்டே இருந்தார்கள், நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். பாட்டு முடியப்போகும்போது என்னைப் பார்த்து, "இன்னொரு தடவ," என்றாள். வாசித்தேன். அதுவும் முடிந்த பிறகு கிளிப்பைக் கழற்றினாள். கையுறைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டாள். அவளுக்கு அது ரொம்பப் பெரிசு.

"ஆர்வெல்லா, இங்க குளிருதுல்ல?" என்றாள்.

நான்கு மாதமாக அவள் குளிர் என்றோ, சூடு என்றோ, பசி என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஆமாடி, குளிருது, ரொம்பக் குளிருது," என்றேன். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் பிஷப் ஹீட்டரைக் கூட்ட ஓடினார்.

மறுநாளே அவள் பழைய நெட்ரா ஆகிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். பாத்திரம் இன்னும் குவிந்துதான் கிடக்கிறது. ஆனால் அந்த வாரம் பிஷப் தானே அவள் வீட்டுக்குப் போனார். நடந்த கூத்தை ஒளிக்காமல் சொல்லி, பொறுப்பைத் திரும்ப ஏற்றுக்கொள்வாயா என்று கேட்டார். ஜனீல் கூடமாட இருக்கட்டும் என்றார். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத நெட்ரா, "என்னை வெளிய அனுப்புனப்ப யாரும் கேக்கலியே," என்றாளாம். பிஷப்புக்கு டையைத் தடவக்கூட வழியில்லை, அன்றைக்கு அவர் டை கட்டவில்லை.

அடுத்த ஞாயிறு மேடையில் அவள் பெயரை மறுபடி வாசித்தார்கள். ஆதரிக்கிறவர்கள் கையை உயர்த்தலாம் என்றார்கள். சபை முழுக்கத் தூக்கியது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

நெட்ரா முதலில் சுற்றுமுற்றும் எல்லோருடைய கையையும் பார்த்தாள். பிறகு தன் கையைத் தூக்கினாள். தனக்குத் தானே கை தூக்குவது எங்கள் வழக்கம் இல்லை. ஆனால் இந்தத் தடவை யாருக்காகத் தூக்குகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.