மேடம் சீட்

ஷார்ஜாவில் வீட்டு டிரைவராகச் சேர்ந்த முதல் வாரம். என் முதலாளி அர்பாபின் அமெரிக்க சொகுசு கார் கப்பல் மாதிரி நீளம். டிரைவர் கதவில் இரண்டு பட்டன்கள். அழுத்தினால் அவரவர் பழகிய இடத்துக்கு சீட் தானாக நகரும். ஒன்று அர்பாபுக்கு. இரண்டை அழுத்தினேன், சீட் முன்னே வந்து முட்டி இடித்தது. யாருடையதென்று கேட்காமலே பின்னால் தள்ளி, அந்தப் பட்டனிலேயே என் இடத்தைப் பதிந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த அர்பாப் இரண்டை அழுத்தினார். சீட் பின்னால் போனது. அவர் முகம் செத்துவிட்டது.

"சதீக், நண்பா, இது மேடம் சீட்."

மேடம் அவர் மனைவி; இறந்து ஒரு வருடமாம். எனக்கு அப்போதுதான் தெரியும். நான் பதிந்ததில் மேடத்தின் அளவு அழிந்துபோயிருந்தது. வேலை போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் திட்டவில்லை; சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் தாங்கவில்லை.

"அர்பாப், முட்டி இடிச்ச இடம் ஞாபகம் இருக்கு" என்று தெரிந்த இந்தியில் சொல்லி உட்கார்ந்தேன். அதே இடத்தில் வலிக்கும்வரை சீட்டை முன்னே நகர்த்தி, இரண்டாவது பட்டனில் மறுபடி பதிந்தேன்.

"கலாஸ், போதும்" என்றார், கண்ணைத் துடைத்தபடி.

இன்றும் வெள்ளிக்கிழமைகளில் இரண்டை அழுத்துவார். ஆளில்லாத சீட் மிதந்து முன்னே வரும். முகமே பார்க்காத மேடத்தின் உயரம் என் முட்டிக்குத் தெரியும். சீட் நிற்கும்வரை காத்திருந்து, மெதுவாகக் கதவைச் சாத்துவேன்.