மூன்றாவது பாட்டில் ஒரு மௌனம்

ஜம்புவிடம் போய், "புது ஆல்பம் ஏதாவது கேட்டீங்களா?" என்று வாயைக் கொடுத்தவன் தொலைந்தான். அவன் ரயிலைப் பிடிக்க வேண்டுமா, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டுமா, அதெல்லாம் ஜம்புவுக்குக் கணக்கே இல்லை. முதல் பாட்டில் ஆரம்பித்துக் கடைசிப் பாட்டு வரை அலசிக் காயப்போட்ட பிறகுதான் ஆளை விடுவார்.

முழுப்பெயர் ஜம்புகேஸ்வரன். அப்பா காலத்திலேயே புனேக்கு வந்து வேரூன்றிய குடும்பம். வீடு போபோடி சந்து ஒன்றில் இரண்டாவது மாடி. வேலை தளேகாவில் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். இரும்புத் தகட்டை இயந்திரம் ‘தடால் தடால்’ என்று அறைந்து கார் பாகமாக்குகிற இடம். வயது ஐம்பதை எட்டப் போகிறது. அந்த வயசுக்காரர்கள் பழைய சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இந்த மனுஷன் பெங்களூர்ப் பையன்கள், ஷில்லாங் பெண்கள், இங்கே புனே கோத்ரூடில் எவனோ படுக்கையறையில் உட்கார்ந்து பதிவு செய்தது என்று எந்தப் படத்திலும் வராத பாட்டாகத் தேடிக் கேட்பார்.

கேட்டால் சும்மா இருக்க வேண்டுமே! ‘புனே மாற்றிசை’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. ஐ.டி. வேலைக்கு வந்த சென்னை, கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் ஆரம்பித்தது. அதில் ஒரே சூப்பர்வைசர் இவர்தான். இவருடைய குரல்பதிவு வந்தால் மீட்டிங்கில் இருப்பவன்கூட ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொள்வான்.

"பெங்களூர் ‘ஈரச்சுவர்’ ஆல்பம் கேட்டேன். ரெண்டு பாட்டுக்கு இருக்கிற சரக்கைத் தண்ணி ஊத்திப் பதினோரு பாட்டா ஆக்கியிருக்கான். கிடார்ல எதிரொலி போட்டுட்டா சோகம் வந்துடுமா? அப்போ பாத்ரூம்ல பாடறவன் எல்லாம் சோகமா? ஆறாவது பாட்டு மட்டும் நல்லா இருக்கு. ஏன்னா அதுல எதிரொலி மெஷின் ரிப்பேர் போல."

சிரித்து மாளாது பிள்ளைகளுக்கு. ஆனால் வெறும் கேலிக்காரர் இல்லை அவர். நல்லது என்று தோன்றினால் குரல் தழுதழுத்துவிடும். "ஜம்பு அங்கிள் சரின்னுட்டாரு" என்று பெருமையடித்துக்கொண்ட இசைக்குழுக்கள் உண்டு. வீட்டில் பருப்பு தீர்ந்துபோனதா என்று கேட்டால் திருதிரு என்று முழிக்கிற மனுஷனுக்கு இது ஒன்றுதான் கிரீடம்.

இரண்டு மூன்று வருஷமாக அவருக்கு ஒரு குறை. டிரம்ஸில் ‘ஜிங்’ என்று தெறிக்குமே பித்தளைத் தட்டு, சிம்பல், அதை இந்தக் காலத்து ஆட்கள் அமுக்கிவிடுகிறார்கள் என்று. "எல்லா ஆல்பமும் போர்வைக்குள்ள இருந்து கேக்குது. பளபளப்பே இல்லை. யாருய்யா இவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று மாதத்துக்கு ஒருதரமாவது பொரிந்து தள்ளுவார். குழுவில் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் ப்ரீதிக்குக் காய்ச்சல். மனைவி விசாலாக்ஷி ஹாலில் டியூஷன் பிள்ளைகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டர் வைக்கிற வேலை ஜம்புவுக்கு வந்தது. அக்குளில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார்.

"அப்பா, எவ்ளோ நேரம்? கை வலிக்குது," என்றாள் ப்ரீதி.

"பொறுடி, அது பீப் அடிக்கட்டும்."

"அரே, அது எப்பவோ அடிச்சாச்சு."

பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார் இவர். மறுபடி வைத்தார். இந்தத் தடவை குனிந்து காதைக் கொண்டுபோனார். ப்ரீதி அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். "இப்போ அடிக்குது. இன்னும் அடிக்குது. நிஜமா கேக்கலையா?"

ஹாலிலிருந்து விசாலாக்ஷி குரல் கொடுத்தாள்: "அது கத்தறது எனக்கு இங்க கேக்குது. எடுத்துப் பாருங்களேன், எவ்வளவு இருக்குன்னு!"

ஜம்பு காய்ச்சல் எவ்வளவு என்று படித்துச் சொன்னார், மாத்திரை கொடுத்தார், நெற்றியில் ஈரத்துணி போட்டார். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் அந்தக் குச்சியையே சுற்றிச் சுற்றி வந்தது.

மறுநாள் காலையில் போனில் காதுப் பரிசோதனை ஆப் ஒன்றை இறக்கினார். சத்தம் மெல்ல மெல்லக் கீச்சென்று மேலே ஏறும், கேட்கிறவரை பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஓரிடத்துக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. ஆப் சரியில்லை என்று மகளைக் கூப்பிட்டார். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "கேக்குது... இதுவும் கேக்குது... ஐயோ, இது காதைக் குத்துது அப்பா" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் நிறுத்திய இடத்திலிருந்து அவள் வெகு உயரம் போய்விட்டாள்.

ஏன் இப்படி என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பிரஸ் ஷாப்பில் காதைப் பொத்துகிற பெரிய மஃப் ஒன்று கொடுப்பார்கள். எல்லாரும் வேர்க்கிறது என்று கழற்றி வைப்பார்கள். ஜம்பு கழற்றியதே இல்லை. மானேஜர் மற்றவர்களிடம், "ஜம்புவைப் பாருங்கப்பா" என்று உதாரணம் காட்டுவார். மஃப்புக்குள்ளே இயர்போன் இருந்தது மானேஜருக்கு எப்படித் தெரியும்? ஷிஃப்ட் முழுக்க ஆல்பம் ஓடும். இயந்திரச் சத்தத்தை அமுக்க வேண்டுமே என்று வால்யூமைக் கடைசிவரை ஏற்றிவைப்பார். புனேயிலேயே அதிகம் ஆல்பம் கேட்ட ஆள் என்று பேர் வாங்கியது அப்படித்தான். வருஷா வருஷம் காதைப் பரிசோதிக்க வேன் வரும். "என் காதையா? நல்ல காமெடி" என்று நழுவிவிடுவார்.

அந்தப் போர்வை எந்த ஆல்பத்தின் மேலும் இல்லை. அவர் காதின் மேல்தான் இருந்தது.

பாவம், எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார்! அதையெல்லாம் நினைத்துக் கூசிக்கொண்டிருந்தவருக்கு, தளேகாவ் லோக்கல் ரயிலில் போகும்போது பாதி வழியில்தான் சுப்ரஜா ஞாபகம் வந்தாள். வந்ததும் மேலெல்லாம் குப்பென்று வேர்த்துவிட்டது.

சுப்ரஜா கோயம்புத்தூர்ப் பெண். பகலில் சாஃப்ட்வேர் வேலை, சாயங்காலமானால் கசார்வாடியில் ஒரு லேத் பட்டறை மாடியில் தன் குழுவோடு பாட்டு. ‘ஏழாம் சந்து’ என்று பேர். நாலு வருஷம் அடித்துத் திருத்தி எழுதிய முதல் ஆல்பம், ‘நனையாத குடை’, இந்த வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் இவருக்கு அனுப்பி, "உங்க காதுல விழுந்து வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருமுங்க அங்கிள்" என்று எழுதியிருந்தாள். இவரும் உச்சி குளிர்ந்து நீளமாகப் பேசி அனுப்பினார். நாலாவது பாட்டைத் தூக்கி எறி என்றார். மூன்றாவது பாட்டின் நடுவே எல்லாம் அடங்கி ஒரு மௌனம் வருகிறதே, அதுதான் ஆல்பத்தின் உயிர் என்றார். கடைசியில், "சிம்பலை நல்லா மேல தூக்கும்மா, மந்தமா இருக்கு" என்றார். அவள் ஒரு வாரத்தில், "மாத்திட்டோமுங்க" என்று மறுபடி அனுப்பினாள். "ஆஹா! இப்பத்தான் பளபளன்னு இருக்கு!" என்று இவர் பதில் போட்டார்.

அப்படியென்றால் சாதாரணக் காதுக்கு அது எப்படிக் கேட்கும்? ப்ரீதி சொன்னாளே, காதைக் குத்துகிறது என்று! முதல் ஆல்பம். ஊர் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓடப் போகிறது. பாவி, கெடுத்தாயே ஒரு பெண்ணின் உழைப்பை என்று தன்னையே வைதுகொண்டார்.

போன் அடித்தார், எடுக்கவில்லை. ‘அவசரம்’ என்று டைப் செய்தார், அழித்தார். என்னவென்று எழுதுவது? எனக்குக் காது கேட்காது என்றா? எழுதினால் நாளைக்குக் குழு முழுக்கத் தெரியும். அப்புறம் எவன் இவரிடம் வந்து புது ஆல்பம் எப்படி என்று கேட்பான்? ஐயோ பாவம் என்று ஒரு சின்னப் படம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எழுதாவிட்டால் அந்தப் பெண் கெட்டாள். ரயிலில் எதிரே இருந்த பாஸ்கர், தினம் கூட வருகிறவர், "என்ன ஜம்பு, இன்னிக்கு ஆல்பம் கிடையாதா?" என்றார். இயர்போன் பையிலேயே கிடந்தது. "தலைவலி" என்றார் இவர்.

அன்று பூரா வேலை ஓடவில்லை. மஃப்புக்குள்ளே முதல் தடவையாக ஒன்றும் இல்லாமல் நின்றார். அதுவும் பயமாக இருந்தது. வியாழக்கிழமை காலையிலும் சுப்ரஜா போனை எடுக்கவில்லை. ஆல்பம் வெளியாகிற அவசரத்தில் இருப்பாள், வேறென்ன. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் ஓடினார். கசார்வாடியில் இறங்கும்போது மழை கொட்டியது. குடையை பாக்டரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஒதுங்கி நிற்கத் தோன்றவில்லை. நனைந்துகொண்டே போய் இரும்புப் படியேறினார்.

மாடியில் சுப்ரஜாவும், டிரம்ஸ், மணி எல்லாம் வாசித்துப் பதிவையும் கவனிக்கிற கோகுல்நாத்தும் வடா பாவ் தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னங்க அங்கிள் இது, இப்படித் தொப்பலா!" என்று எழுந்து வந்தாள் சுப்ரஜா. "போன் பண்ணியிருந்தீங்க, இப்பத்தான் பார்த்தேனுங்க."

"நிறுத்தும்மா. ஆல்பத்தை நிறுத்து. ரெண்டு வாரம் தள்ளிப்போடு, ஒண்ணும் குடி முழுகிடாது." மூச்சு வாங்கியது அவருக்கு. "நான் சொன்னேன்னு சிம்பலை ஏத்தினியே, அதை இறக்கு. தப்பா சொல்லிட்டேன். என் காது... கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் எதுவும் எனக்குக் கேக்கலை. தெர்மாமீட்டர் கத்தறதுகூடக் கேக்கலை. மன்னிச்சுக்கோ."

சொல்லி முடித்ததும் பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார். அவர்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எதிர்பார்த்த பதட்டம் அந்த முகங்களில் இல்லை.

கோகுல்நாத்தான் வாயைத் திறந்தான். "நாங்க ஏத்தவே இல்லை அங்கிள்."

"மாத்தி அனுப்பினீங்களே?"

"அதே ஃபைல்தான். பேரை மட்டும் மாத்தினோம்."

ஜம்புவுக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பித்தது, பெண்ணின் ஆல்பம் தப்பித்தது. அடுத்த மூச்சில் "ஆஹா, பளபளன்னு இருக்கு" என்று தான் அனுப்பிய பதில் ஞாபகம் வந்தது. முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்திருப்பார்களோ?

"சிரிக்கலீங்க அங்கிள்," என்றாள் சுப்ரஜா, அவர் கேட்காமலே. "உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. நாலாவது பாட்டைத் தூக்கச் சொன்னீங்களே, தூக்கிட்டோம். நீங்க சொன்னது சரிதான். அதுக்குத்தாங்க உங்களுக்கு அனுப்பறேன், சிம்பலுக்கு இல்லை."

"அப்போ என் காது போச்சுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

"எப்படித் தெரியும்? நானே நேத்துதானே கண்டுபிடிச்சேன்?"

சுப்ரஜா துண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூன்றாவது பாட்டைப் போட்டாள். "மேல் சத்தம் எங்கெங்க வருதோ அங்க விரலைத் தூக்கறேனுங்க. பார்த்துட்டே கேளுங்க."

பாட்டு ஆரம்பித்தது. அவள் விரல் எழுந்தது, இறங்கியது. சில இடத்தில் அவருக்கு ‘டப்’ என்று ஏதோ விழுந்தது, சில இடத்தில் வெறும் விரல்தான். எத்தனை இடம்! துண்டைப் பிடித்தபடி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். துவட்டிக்கொள்ள மறந்துவிட்டார்.

அந்த இடம் வந்தது. கிடார் ஓய்ந்தது, குரல் ஓய்ந்தது. அவருடைய மௌனம். ரயிலில் பாஸ்கரைப் பிடித்து நிறுத்தி, இந்தக் காலத்தில் எவனுக்கய்யா சும்மா இருக்கத் தெரியும், அதற்கே இந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்டலாம் என்று சொன்னாரே, அதே மௌனம். இங்கேயாவது அவர் தப்பில்லை. ஜம்பு நிமிர்ந்து பார்த்தார்.

சுப்ரஜாவின் விரல் மேலேயே நின்றது.

"இங்க ஒண்ணும் இல்லையேம்மா," என்றார்.

"கோகுல் மணி வாசிக்கிறானுங்க அங்கிள். சின்னச் சின்ன மணி. வரிசையா, ரொம்ப மெதுவா."

கோகுல்நாத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பட்டறைக்காரன் ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகும் அவள் விரல் இறங்கவில்லை. குரல் மறுபடி ஆரம்பித்த பிறகுதான் இறங்கியது.

பாட்டு முடிந்தது. ஜம்பு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் முகத்திலிருந்து துண்டை எடுக்கவே இல்லை.

"அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடும்மா," என்றார். "மணி எப்படிப் போகுதோ அப்படி விரலை ஆட்டிக் காட்டு."